முடிவைச் சொல்லாதே!

ஒரு வீட்டில் துப்பறியும் நாவல் பைத்தியம் ஒருத்தர் மட்டும் இருந்தால் பிரச்னை இல்லை. இரண்டு பேர் இருந்தால்தான் வில்லங்கம். யார் முதலில் படிப்பது என்பதில் தொடங்கும். பாதியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் புத்தகம் இன்னொருத்தர் கையில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், முந்திப் படித்து முடித்த புண்ணியவான் போகிற போக்கில், ‘கொலை பண்ணினது அந்த டிரைவர்தான்’ என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். அன்றைக்கு அந்த வீட்டில் நிஜமாகவே ஒரு கொலை விழாமல் இருப்பது தெய்வச் செயல்.

காதல் கதையின் முடிவை யாராவது சொல்லிவிட்டால் பெரிய நஷ்டமில்லை. சேர்வார்கள் அல்லது சாவார்கள். சரித்திரக் கதையிலும் ராஜா ஜெயிப்பார் என்று தெரிந்துதான் படிக்கிறோம். மர்மக் கதை அப்படியல்ல. கடைசி நாலு பக்கத்தில்தான் மொத்த முதலும் இருக்கிறது. அதனால்தான் வேறெந்தக் கதைக்கும் இல்லாத கட்டுப்பாடு இதற்கு மட்டும் உண்டு. முடிவைச் சொல்லாதே!

இப்போது ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். நாவல் படிப்பது தனியாகச் செய்கிற காரியம் என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? மூலையில் சாய்ந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு, நமக்கு நாமே. நம் ஊரில் துப்பறியும் நாவல் அப்படி நுழையவில்லை. கூடத்தில் குடும்பமே உட்கார்ந்திருக்க, சத்தமாக நுழைந்தது.

மேல்நாட்டில் இந்தச் சரக்குக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் எட்கர் ஆலன் போ. அமெரிக்கர். 1841ல் வெளியான அவருடைய ‘ரூ மார்க்’ கொலைக் கதையைத்தான் முதல் துப்பறியும் கதை என்பார்கள். 1868ல் இங்கிலாந்தில் வில்கி காலின்ஸ் எழுதிய ‘மூன்ஸ்டோன்’ தொடர்கதையாக வந்தது. நம்மூரிலிருந்து திருடிக்கொண்டு போன ஒரு வைரக்கல் அங்கே காணாமல் போகிற கதை. 1887ல் ஷெர்லக் ஹோம்ஸ் வந்து சேர்ந்தார். அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும்.

தமிழில் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சானது 1879ல். அடுத்த 15 வருஷத்தில் துப்பறியும் கதை வந்துவிட்டது. 1894ல் பண்டித நடேச சாஸ்திரி, ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணனை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடிச் சேகரித்த மனிதர் அவர். பாட்டி கதை சேகரித்தவர்தான் போலீஸ் கதைக்கும் பிள்ளையார் சுழி போட்டார் என்பது கேட்கவே நன்றாக இருக்கிறது.

சரி, யார் படித்தார்கள்?

1901ம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால், இந்தியா முழுவதிலும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருத்தர்கூட இல்லை. ஆண்களில் பத்துப் பேருக்கு ஒருத்தர் தேறினால் அதிகம். இந்த லட்சணத்தில் நாவல் யாருக்கு விற்கும்? பி.காம். படித்தவன் புத்தி, முதலில் மார்க்கெட்டைத்தான் பார்க்கிறது.

ஆனால் விற்றது. காரணம், ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்ற கணக்கு அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். வீடு கேட்கும். ராமாயணமும் பாரதமும் நல்லதங்காள் கதையும் அப்படித்தான் கேட்கப்பட்டன. அதே கூடத்தில், அதே விளக்கு வெளிச்சத்தில், இப்போது துப்பறியும் நாவல். ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ என்றே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். உரக்கப் படித்துக் கேட்ட ஒரு சமூகம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மௌனமாகப் படிக்கக் கற்றுக்கொண்டது என்பதை அதில் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது வருஷத்தில் மூன்று பேர் கொடிகட்டிப் பறந்தார்கள். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார்.

ஆரணியார் ஆங்கில நாவல்களை வாங்கி, வேட்டி கட்டி, நெற்றிக்கு இட்டு, தமிழில் நடமாட விட்டவர். ரெயினால்ட்ஸின் லண்டன் பிரபுக்கள் எல்லாம் அவர் கையில் நம்மூர் ஜமீன்தார்கள் ஆனார்கள். ஷெர்லக் ஹோம்ஸையே ஆனந்த சிங் என்று பேர் மாற்றிவிட்டார். ரங்கராஜுவின் ஆள், துப்பறியும் கோவிந்தன். ‘ராஜாம்பாள்’, ‘சந்திரகாந்தா’ என்று அவர் நாவல்கள் மறுபடி மறுபடி அச்சாகின. மேடையேறின, சினிமாவும் ஆயின. வடுவூராருக்கு திகம்பர சாமியார். 1950ல் அது படமானபோது அந்தச் சாமியாராக எம்.என். நம்பியார் விதவிதமாக வேஷம் கட்டினார்.

இந்த நாவல்களில் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். குற்றம் எங்கே நடக்கிறது?

வீட்டில்.

‘மேனகா’வை எடுத்துக்கொள்ளுங்கள். புகுந்த வீட்டாரின் சூழ்ச்சியில் சிக்கிச் சீரழிகிற மருமகளின் கதை. ‘ராஜாம்பாள்’ என்ன? இளம்பெண்ணை வயசான பணக்காரருக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். அதிலிருந்து கிளம்புகிறது மர்மம். இங்கிலீஷ் கதையில் பிணம் நூலக அறையில் கிடக்கும். நம் கதையில் நூலகம் ஏது? சமையல்கட்டும் கொல்லைப்புறமும்தான். நாத்தனாரும் மாமியாரும் பால்ய விவாகமும் வரதட்சணையும் அந்த வீட்டுக்குள் எப்போதும் இருந்தவைதான். எதிரே நின்று பேச முடியாத சங்கதிகள். அவற்றை ஒரு குற்றமாக எழுதி, துப்பறிய ஒருத்தர் வந்து, குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கிறார் என்றால், கேட்டுக்கொண்டிருந்த மருமகளுக்கு அது வெறும் பொழுதுபோக்காகவா இருந்திருக்கும்?

கூடத்தில் எல்லோரும் ஒன்றாகத்தான் கேட்டார்கள். ஆனால் மாமியார் கேட்ட கதை வேறு, மருமகள் கேட்ட கதை வேறு.

பெரியவர்களுக்கு இது புரியாமல் இல்லை. நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள், பிள்ளைகள் உருப்படாது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். கூட்டம் போட்டுப் பேசினார்கள். நாவல் என்றாலே தப்பு. துப்பறியும் நாவல் என்றால் மகா தப்பு. இதை எழுதியவர்கள் பலர் அதே நாவல்களைப் படித்திருந்தார்கள் என்பது வேறு விஷயம். படிக்காமல் எப்படித் திட்டுவது?

இந்தச் சூழ்நிலையில்தான் திருவல்லிக்கேணியில் ஒரு மருமகள்.

பெயர் கோதைநாயகி. பிறந்தது 1901ல். கல்யாணம் 1907ல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தரை வயது. மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. பெண்ணுக்குத் தாயார் கிடையாது, கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. ஆனால் புகுந்த வீட்டில் அதிர்ஷ்டம் இருந்தது. தமிழ் படித்த குடும்பம் அது. கம்பராமாயண உரைக்குப் பேர்போன வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் அந்த வம்சத்துக்காரர். கணவருக்கு நாடகம் என்றால் உயிர். மனைவியையும் கூட்டிக்கொண்டு போவார். அந்தக் காலத்தில் எத்தனை பேர் செய்திருப்பார்கள்?

கோதைநாயகிக்குக் கதை சொல்ல வரும். வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். எழுதத்தான் கை பழகவில்லை. அதனால் என்ன? சிநேகிதி ஒருத்தர் இருந்தார், பட்டம்மாள் என்று பேர். கோதைநாயகி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ‘இந்திர மோகனா’ என்ற நாடகம் அப்படித்தான் உருவாகி, 1924ல் வெளிவந்தது. உரக்கப் படித்துக் கேட்ட வீடு, உரக்கச் சொல்லி எழுத வைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து எழுதிய ‘வைதேகி’ ஒரு நாவல். எழுத்துலகில் வழிகாட்டியாக நின்றவர் யார் தெரியுமா? சாட்சாத் வடுவூர் துரைசாமி ஐயங்கார்தான். 1925ல், நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ என்ற பத்திரிகையை வாங்கி, அதில் தொடர்கதையாக எழுத ஆரம்பித்தார். அடுத்த முப்பத்தைந்து வருஷம், அவர் கண்மூடிய 1960 வரைக்கும் அவர் வாழ்க்கை அந்தப் பத்திரிகைதான். எழுதியது 115 நாவல்கள். தமிழில் துப்பறியும் கதை எழுதிய முதல் பெண் என்று அவரைச் சொல்பவர்கள் உண்டு. விடுதலைப் போராட்டத்தில் 1932ல் ஜெயிலுக்குப் போனார். அங்கேயும் நாவல் எழுதினார். அவருடைய ‘தயாநிதி’தான் பின்னால் 1966ல் பத்மினி நடித்த ‘சித்தி’.

ஊர் சும்மா இருந்திருக்குமா? மருமகள் பத்திரிகை நடத்துவதும் மேடை ஏறுவதும் அன்றைக்குச் சாதாரணமில்லை. வசவு இருந்தது. அதைவிட வாசகிகள் அதிகமாக இருந்தார்கள்.

ஏறத்தாழ இதே சமயத்தில் இங்கிலாந்தில் ஒரு பெண் மர்மக் கதை எழுதிக்கொண்டிருந்தார். அகதா கிறிஸ்டி. கோதைநாயகியைவிடப் பதினோரு வயது மூத்தவர். அவருடைய அம்மாவுக்கு ஒரு விநோதமான நம்பிக்கை. எட்டு வயது வரைக்கும் குழந்தைக்குப் படிக்கச் சொல்லித் தரக்கூடாது என்று நினைத்தார். மகளோ தனக்குத் தானே எழுத்துக்கூட்டி, அதற்கு ரொம்ப முன்பே படிக்க ஆரம்பித்துவிட்டாள். அக்காவும் தங்கையும் துப்பறியும் நாவல் பைத்தியங்கள். ஒருநாள் பேச்சுவாக்கில், தானும் ஒன்று எழுதப் போவதாகத் தங்கை சொல்ல, ‘உன்னால முடியாது’ என்றார் அக்கா. அந்த ஒரு வார்த்தை போதாதா? முதல் உலகப் போர் சமயம். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. சுற்றிலும் விஷ பாட்டில்கள். உட்கார்ந்து எழுதினார். சில பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய பிறகு 1920ல் வெளிவந்தது, ‘ஸ்டைல்ஸ்’ மாளிகையின் மர்மம். ஹெர்குல் பாய்ரோ பிறந்தார்.

இரண்டு பேருக்கும் பணம், படிப்பு, தேசம், எதிலும் ஒப்பீடே கிடையாது. ஆனால் இரண்டு பேருமே வீட்டுக்குள் நடந்த கதைப் பேச்சிலிருந்து எழுத்தாளர் ஆனவர்கள். உற்சாகப்படுத்தவோ சீண்டவோ வீட்டில் ஒருத்தர் இருந்தார். கிறிஸ்டிக்கு அக்கா. கோதைநாயகிக்குக் கணவரும் தோழியும்.

இங்கே ஒரு கொசுறு. ஹோம்ஸ் பிரம்மச்சாரி. பாய்ரோ பிரம்மச்சாரி. மிஸ் மார்ப்பிள் கல்யாணமே செய்துகொள்ளாதவர். துப்பறிவதற்கும் குடும்பத்துக்கும் ஆகாது என்பது வெள்ளைக்காரர் முடிவு. நம்மவர்கள் என்ன செய்தார்கள்? திகம்பர சாமியார் துறவி. அவரை விட்டுவிடலாம். 1942ல் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்புவுக்கு வேம்பு என்று மனைவி. தமிழ்வாணனின் சங்கர்லால் எத்தனை தேசம் சுற்றினாலும், எத்தனை கோப்பை தேநீர் குடித்தாலும், வீட்டில் இந்திரா இருந்தார். ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்கு சுசீலா. சுபாவின் நரேந்திரனுக்கு வைஜயந்தி. 1968ல் ‘நைலான் கயிறு’ வழியாக சுஜாதாவின் கணேஷ் வந்து, பின்னால் வசந்தும் சேர்ந்துகொண்டபோதுதான் ஒரு சுத்த பிரம்மச்சாரி ஆபீஸ் கிடைத்தது. வசந்த் அடித்த ஜோக்குகளுக்கு அதுதான் சௌகரியம்.

எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தப் புத்தகம் ஒருத்தர் கைக்குப் போகப் போவதில்லை. ஒரு வீட்டுக்குள் போகப் போகிறது. ஹீரோவுக்கும் ஒரு வீடு இருந்தால்தான் எடுபடும்.

வாரப் பத்திரிகைகள் காலூன்றிய பிறகு கூடத்தில் உரக்கப் படிப்பது குறைந்தது. அதற்குப் பதில் முறை வைப்பது வந்தது. ‘கல்கண்டு’ 1948ல் தொடங்கியது. தமிழ்வாணன் 1977ல் மறையும் வரைக்கும் அதன் ஆசிரியர். அவர் கதைகளில் ஆபாசம் இருக்காது என்று அப்பாக்கள் நம்பியதால் பையன்கள் தைரியமாகப் படித்தார்கள். தொடர்கதையை வாரா வாரம் கிழித்து, சேர்த்து, காலிகோ பைண்டிங் போட்டு வைப்பது ஒரு குடிசைத் தொழிலாகவே நடந்தது. பைண்டு செய்த புத்தகத்தில் கதைக்குப் பின்பக்கத்தில் பாதி ஜோக்கும் கால்வாசி சமையல் குறிப்பும் சேர்ந்து வரும்.

1980களில் மாத நாவல்கள். கோவையிலிருந்து ராஜேஷ்குமார் எழுதித் தள்ளினார். மொத்தம் 1500 நாவல்களைத் தாண்டிவிட்டார். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் க்ளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். காசு கொடுத்து வாங்க மனசில்லாதவர்களுக்கு வாடகை நூல் நிலையம்.

எங்கள் வீட்டில் வாடகைதான். ஒரு நாளைக்கு ஒரு ரூபாய். படிப்பவர்கள் நாலு பேர். தலைக்கு 25 பைசா, அதைவிட மலிவான பொழுதுபோக்கு அன்றைக்கு இல்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் இரண்டாம் நாள் வாடகை விழும். ஆகவே ஒரு டைம்டேபிள் இருந்தது. கொண்டு வந்தவுடனே அக்கா. ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் அப்பா. காலையில் பல் விளக்கும் முன்னால் நான். அம்மாவின் முறை மத்தியானம் இரண்டு மணிக்கு மேல். பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைத்துவிட்டு, தூணில் சாய்ந்து உட்காருவார். நாலு மணிக்குப் பால்காரர் வந்துவிடுவார். இரண்டு மணி நேரத்தில் நூறு பக்கம். இடையில் யாராவது கதவைத் தட்டினால் அதுவும் போச்சு. முடிக்க முடியாத நாட்களில் கடைசி நாலு பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை என் கையில் கொடுத்து, கடைக்குப் போகச் சொல்வார்.

மர்ம நாவலில் முடிவை முதலில் பார்ப்பது மகாபாவம் என்று அவரை நாங்கள் கேலி செய்திருக்கிறோம். இரண்டாம் நாள் வாடகை ஒரு ரூபாய்தான். யாரும் தருகிறேன் என்று சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் வீட்டு டைம்டேபிளையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கடைசி முறை யாருக்கு இருந்தது?

நூறு வருஷமாக நடந்த சண்டை இதுதான். ‘நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள்’ என்று சொன்னவர்கள் கவலைப்பட்டது ஒழுக்கத்துக்காக மட்டுமல்ல. வீட்டில் எல்லோருடைய நேரத்துக்கும் கணக்கு உண்டு. மருமகளுடைய நேரம் மொத்தமும் வீட்டுக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. அதில் இரண்டு மணி நேரத்தை அவள் தன் பேரில் எழுதிக்கொண்டாள். அதுவும் எதற்காக? பரீட்சைக்காக இல்லை, பக்திக்காக இல்லை. யார் கொலை செய்தது என்று தெரிந்துகொள்வதற்காக. அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

இலக்கிய விமர்சகர்கள் இந்த நாவல்களைக் குப்பை என்றார்கள். அவற்றில் பாதி அப்படித்தான் இருந்தன என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வீட்டுக்குள் இருந்த ஒரு பெண்ணைத் தட்டுத் தடுமாறி எழுத்துக்கூட்ட வைத்து, அடுத்த பக்கத்தைத் திருப்ப வைத்த காரியத்தை, உயர்ந்த இலக்கியத்தைவிட இந்தக் குப்பைதான் அதிகம் செய்தது. கோதைநாயகிக்குப் பின்னால் எழுத வந்த பெண்கள் எல்லோரும் முதலில் வாசகிகளாக இருந்தவர்கள். எதைப் படித்து வாசகி ஆனார்கள் என்று விசாரித்தால், பெரும்பாலும் தொடர்கதைதான் கிடைக்கும்.

வருத்தம் என்னவென்றால், இந்தப் புத்தகங்கள் மிஞ்சவில்லை. குப்பை என்று சொன்னதை யார் பத்திரப்படுத்துவார்கள்? கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் மாதிரி ஒரு சிலருக்குத்தான் அந்தப் புத்தி இருந்தது. செவ்விலக்கியத்தோடு கூடவே பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், நாவல் என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்தார். அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994ல் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆனது. இன்றைக்கு ரங்கராஜு காலத்து நாவலை ஆய்வாளர் ஒருவர் தேடுகிறார் என்றால் அந்த மாதிரி இடத்துக்குத்தான் போகவேண்டும்.

மிச்சம் இருப்பது உங்கள் வீட்டுப் பரணில்தான். பழைய பேப்பர்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லும்போது, அந்த காலிகோ பைண்டிங்குகளையும் சேர்த்துத் தராசில் வைக்கிறோம். வைப்பதற்கு முன்னால் முதல் பக்கத்தைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். யார் பேராவது எழுதியிருக்கும். பெரும்பாலும் ஒரு பெண்ணின் பேர், தேதியோடு. அவர் இப்போது உயிரோடு இருந்தால், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

முடிவோடு.